சாய்ந்த முனை

தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டை மூடிய பிறகு, குன்னூரில் டிவி கேபிளுக்குக் கண்ணாடி இழை இணைக்கும் வேலைக்குப் போனேன். முதல் நாள் ஒழுங்காகச் செய்தால்தான் மறுநாளும் வேலை.

மேகம் வந்து போகும் மொட்டை மாடியில் உட்கார்ந்து, இணைப்பு முனைகளை லென்ஸில் பார்த்தேன். ஒவ்வொன்றும் குட்டி நிலா. சில மட்டும் சாய்வாக இருந்தன. முற்றிய இலையைப் பொறுக்கி எறிந்த பழக்கத்தில், அவற்றைக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, நேரானவற்றையே மாட்டினேன். கீழ்வீட்டு டிவியில் ஒரே புள்ளிகள், வெளியே இருந்த மூடுபனி உள்ளே புகுந்ததுபோல.

“ஏனுங்ணா, நல்லதையெல்லாம் குப்பையில போட்டுட்டீங்களே!” மாடிக்கு வந்து பையைப் பார்த்த இன்ஜினியரம்மா சிரித்தார்.

“கோணலா இருந்துச்சுங்க மேடம்.” வேலை போயிற்று என்று நினைத்தேன்.

“எஸ்டேட்டுல இருந்தவருதானுங்ணா நீங்க? தேயிலைச் செடியைக் கவாத்து பண்றப்ப எப்படி வெட்டுவீங்க?”

“சாய்ச்சுத்தானுங்க. வெட்டுல தண்ணி நிக்காதுங்க.”

“இதுவும் அப்படித்தானுங்ணா. நேரா இருந்தா கொஞ்சம் வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போயி படத்தைக் கெடுக்கும். சாய்வா இருந்தா ஓரமா ஒதுங்கிடும்.”

சாய்ந்தவற்றைப் பையிலிருந்து எடுத்து, துடைத்து மாட்டினேன். படம் தெளிந்தது. “நாளைக்கும் வந்துருங்க” என்றார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு, எனக்குப் பதில் தெரிந்த கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அன்று பனிக்குள் இறங்கி வந்தபோது, எதிரே வந்தவரிடம் நானே முதலில் பேசினேன்.