இருபத்து நான்கு பக்கங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோஸ்டேட் கடையைக் கடக்கும்போது சூடான பசை வாசம் வந்தது. யாரோ ஆய்வேட்டுக்கு நீல அட்டை போடுகிறார்கள். நான் முதன்முதலில் வேலை பார்த்த பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டு அறையில் இதே வாசம்தான். சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. கிழமை சொல்லாமல் எனக்குக் கதை சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பந்திங் ஊரிலிருந்து, தெரிந்தவரான முனியாண்டி அண்ணன் அழைத்தார். அவர் பிறந்த தோட்டத்து இடுகாட்டில் வீடுகள் கட்டப்போகிறார்கள். அங்கே புதைத்த அம்மாவின் எலும்பையாவது எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். குழிமேல் நட்ட பலகைகள் மக்கிவிட்டன. எந்தக் குழி என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்களாம்.

"சரோஜா டீச்சர் ஒவ்வொரு குழியா எழுதிக்கிட்டுப் போனாங்களே தம்பி. உங்க லைப்ரரில இருக்கும்லா?"

கிள்ளான் சரோஜா டீச்சரின் முதுகலை ஆய்வேடு அந்தத் தோட்டத்தைப் பற்றியதுதான். கடைசியில் இணைப்பாக இடுகாட்டுப் பட்டியல்: குழி எண், பெயர், யார் சொன்னது. டீச்சர் இப்போது இல்லை. அவர் வைத்திருந்த பிரதி வெள்ளத்தில் போயிற்று.

கணினி முன் உட்கார்ந்தேன். நூலகப் பட்டியல் தலைப்பையும் ஆண்டையும் தந்தது. அலமாரி எண் இருக்கவேண்டிய இடத்தில் 'நீக்கப்பட்டது'. பல பல்கலைக்கழகங்களைச் சேர்த்துத் தேடும் தளம் ஆய்வுச் சுருக்கம் வரை வந்து நின்றது. வெளிநாட்டுத் தரவுத்தளத்துக்கு டீச்சரைத் தெரியவே இல்லை. மின்களஞ்சியம் மட்டும் கோப்பைத் திறந்தது. நன்றியுரை, முன்னுரை, முதல் அத்தியாயத்தில் கொஞ்சம். இருபத்து நான்காம் பக்கத்தோடு முடிந்தது.

அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்தவன் நான்தான். இணையத்துக்கு முன்பக்கங்கள் போதும், முழு ஏடு அலமாரியில் இருக்கும் என்பது அப்போதைய ஏற்பாடு. நான் இணைப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசை லெட்சுமி அக்கா கேட்டார்:

"என்னடா, டாக்டர் பட்டம் வாங்கப் போறியா? மூடி வச்சிட்டு வாடா, கென்டீன்ல மீ கோரேங் தீந்துரும்லா!"

மூடினேன். ஏட்டின்மேல் ஒட்டும் சீட்டில் 'ஸ்கேன் ஆனது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எத்தனை பக்கம் என்று எழுதவில்லை. சில வருடம் கழித்து அறையைக் காலி செய்ய வந்தவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்து, முழு ஏடும் கணினியில் இருப்பதாக நினைத்து, பழைய காகிதத்தோடு லோரியில் ஏற்றினார்கள். கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

நேற்று பந்திங் போய், இடுகாட்டு வேலியோரம் நின்று எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"சரி, அது போவட்டும். நீங்க அதப் பாத்திருக்கீங்கல்ல? அம்மா பேரு, அஞ்சலைன்னு இருந்துச்சா?"

லோரி வந்தது வெள்ளிக்கிழமை என்பது நினைவிருக்கிறது. அன்று தூறல். பட்டியலில் இருந்த ஒரு பெயர்கூட நினைவில்லை.

"இருந்துச்சுண்ணே" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கம்பியை விலக்கி ஒரு காலை உள்ளே வைத்தார்.

"எந்தப் பக்கம் தம்பி?"

உள்ளே ஒரு மேடுகூடத் தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை லாலான் புல்.