லத்திபா கணக்கிட்ட காற்று

தகப்பனார் ராஜா முகம்மது இறந்தபின் கம்பத்தில் அந்த மாடிவீட்டில் லத்திபா மட்டும்தான் இருந்தாள். வயது முப்பத்தெட்டு. பாலிடெக்னிக் ஒன்றில் எலக்ட்ரிக்கல் லேப் வேலை. மாலையில் கதவைத் திறந்து உள்ளே போனால் மறுநாள் காலை வரை பேச ஆளில்லை. 2006இல் வெல்டிங் பட்டறை ஈஸ்வரபாண்டியைக் கொண்டு மொட்டைமாடியில் மின்சாரம் எடுக்கும் மூன்று இறக்கைக் காத்தாடி ஒன்றை நிறுத்தினாள்.

காற்றின் வேகத்தை அளக்க இரவல் வாங்கியிருந்த காற்றுமானியைக் கல்லூரியில் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். அவள் கலங்கவில்லை. இறக்கை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று தெரிந்தால் போதும். காற்றின் வேகத்தைப் பின்னோக்கிப் போட்டு எடுத்துவிடலாம். அந்தக் கணக்கை காத்தாடியோடு இணைத்த ஒரு சின்ன மின்னணுப் பெட்டிக்குள் எழுதி வைத்தாள். காற்று நொடிக்குப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டினால் பெட்டியே மின்சுமையைக் கூட்டிச் சுழற்சியை அடக்க வேண்டும்.

ஆனி மாதத்து ஞாயிறு மதியம் மலைப்பக்கமிருந்து காற்று திடீரென்று பாய்ந்தது. பெட்டி ஒன்பது என்றே காட்டியது. அடுத்த கணம் ஓர் இறக்கை முறிந்து, பக்கத்து வீட்டு சாஜிதா காயப்போட்டிருந்த மிளகாயின்மேல் போய் விழுந்தது.

"ஏத்தா லத்திபா, இப்பத்தேன் நான் எந்திரிச்சு உள்ள போனேன்!" சாஜிதாவுக்கு மூச்சு வாங்கியது. "ஒத்தையில கெடந்தா இப்படியா புத்தி போகும்?"

லத்திபா தலைகுனிந்து மிளகாயைப் பொறுக்கிக் கொடுத்தாள். அந்த 'ஒத்தையில' மட்டும் பல நாள் காதில் கிடந்தது.

சென்னையிலிருந்து அண்ணன் நத்தர்ஷா போன் செய்தார். "அத்தா இருந்தா இத நட விட்டிருப்பாகளா? கழட்டிப் போட்டுட்டு இங்கன வந்துரு."

"அங்கன வந்து நான் என்னண்ணே செய்ய?"



காத்தாடியைக் கழற்றினாள். கணக்கை விடவில்லை. பழைய அளவுகளை வைத்துக்கொண்டு மூன்று மாதம் பென்சிலால் போட்டுப் போட்டு அழித்தாள். ஒரு மாலை தவறு பிடிபட்டது. காற்று திடீரென ஏறும்போது, அதன் ஆற்றலில் ஒரு பங்கை இறக்கைகள் தங்கள் வேகத்தைக் கூட்டிக்கொள்ளவே எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பங்கு மின்சாரமாக வெளியே வருவதில்லை. மின்சாரத்தை மட்டும் பார்த்த பெட்டி காற்றைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டது. சுழற்சி ஏறும் வேகத்தையும் சேர்த்துப் போட்டபோது, அன்றைய ஒன்பது பதினான்காக வந்தது.

சந்தோஷத்தில் எழுந்து வாசல்வரை வந்துவிட்டாள். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் திரும்பி உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

மறுவருடம் ஈஸ்வரபாண்டி தன் மச்சானின் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில், ஆள் புழங்காத மேட்டில் இடம் பிடித்துக் காத்தாடியை மறுபடி நிறுத்தித் தந்தார். ஆடிக் காற்றில் இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். மறுபடி இரவல் வாங்கிய காற்றுமானி பதின்மூன்றைத் தொட்டது, திருத்திய கணக்கு ஏற்றிய பெட்டியும் பதின்மூன்று. இறக்கைகள் தாமாகவே தணிந்தன.

"சரியாத்தேன் சொல்லுது டீச்சர்!" என்று ஈஸ்வரபாண்டி கத்தினார்.

மதுரையில் ஒரு கருத்தரங்கில் அந்தக் கணக்கைக் கட்டுரையாக வாசித்தாள். கைதட்டினார்கள். ஒரு பேராசிரியர் கணக்கின் நகல் கேட்டு வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அவுக கடையில இருக்காக. என்ன விஷயம்?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல மதினி. சும்மாதேன்."

அதன்பின் சனிக்கிழமைதோறும் ஓடைப்பட்டிக்கு பஸ் ஏறினாள். அளவுகளைக் குறித்துக்கொண்டு, மேட்டில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, மூன்றரை மணி வண்டிக்குத் திரும்புவாள்.