சித்தப்பாவின் வீட்டுப் பெயரும் அமெரிக்கத் தேர்தலும்

அப்பா வேலையால் வந்ததும் மூன்று காரியங்கள் ஒழுங்காக நடக்கும்: சப்பாத்தைக் கழற்றுவார், தேநீர் கேட்பார், அமெரிக்கச் செய்திச் சேனலைப் போடுவார். நாங்கள் இருப்பது நோர்வேயில், ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில். அமெரிக்காவில் வாக்கு உள்ளவர் அவருடைய தம்பி, நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா. அவர் பார்ப்பது மற்றக் கட்சியை ஆதரிக்கும் சேனல்.

ஞாயிறு தோறும் தொலைபேசியில் சண்டை.

"உங்கடை ஆளைக் கோடீஸ்வரர் வாங்கிப்போட்டாங்கள். நீ பாக்கிற சேனலும் அவங்கடைதான்."

"ஏன் அண்ணை, உங்கடை சேனல் என்ன திருவிழாவுக்குச் சேர்த்த காசிலையோ நடக்குது?"

எனக்குத் தரவுத்தளங்களோடு வேலை. எதையும் நிரல்படுத்திப் பார்ப்பது பழக்கம். இருவர் சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். காசுக்காரர் கட்சியைப் பிடித்துவிட்டார்கள், செய்தியும் அவர்கள் பக்கம், சாதாரண சனத்தை எவரும் கேட்பதில்லை. கட்சியின் பெயர் மட்டும்தான் வேறு. அப்பாவிடம் சொன்னேன்.

"ஓம், ஆனா அவன் பிழையாச் சொல்லுறான். நான் சரியாச் சொல்லுறன்."

இங்கே தேர்தல் என்றால் கடைத்தொகுதி வாசலில் கட்சிக்காரர் வாஃபல் என்ற இனிப்பு அப்பம் சுட்டுக் கொடுப்பார்கள். அப்பா ஒவ்வொரு கட்சியிடமும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வாக்கை ரகசியமாக வைத்துக்கொள்வார்.

அமெரிக்கத் தேர்தல் நடந்த அந்த ஆண்டு யூலையில் சித்தப்பா முதன்முறையாக ஒஸ்லோ வருவதாக இருந்தது. அப்பா சின்ன அறைக்கு வெள்ளை அடித்து, புதுக் கட்டிலும் வாங்கிப் பூட்டி வைத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் அவருக்குத் தேர்தல் நன்கொடையில் அமெரிக்கப் பணக்காரரோடு போட்டி போடும் எண்ணம் வந்தது.

"அவங்கள் கப்பல் கப்பலாக் குடுக்கேக்கை நான் ஒரு வாஃபல் காசு குடுக்கேலாதோ?"

குடுக்கேலாது. அமெரிக்கக் குடிமகனா என்று அவருடைய கட்சி வேட்பாளரின் இணையப் பக்கம் கேட்டது. அப்பா பொய் சொல்லமாட்டார். ஆனால் கீழே, ஆதரவாளராகச் சேருங்கள் என்று ஓர் இடம் இருந்தது. அதில் தம்பியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டுவிட்டார். கோயிலில் அர்ச்சனை செய்யும்போது வராதவர்களின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொல்வோமே, அதுபோல. அவனுக்கு நல்ல புத்தி வரட்டும் என்று. அர்ச்சனைப் பழக்கத்தில் கை வீட்டுப் பெயரையே எழுதிவிட்டது. அது பிறந்த வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர். சித்திக்குக்கூட அப்படிக் கூப்பிட அனுமதி இல்லை.

ஞாயிறு வரமுன்னரே சித்தப்பா எடுத்தார்.

"அண்ணை, ஆரோ ஒரு அரசியல்வாதி என்ரை வீட்டுப் பேரைச் சொல்லி, காசு தந்து சனநாயகத்தைக் காப்பாத்தட்டாம் எண்டு மெசேஜ் அனுப்புறான். அந்தப் பேர் அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

அப்பா நடந்ததை ஒப்புக்கொண்டார்.

"பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிக்குதுகள். யூலையிலை வாறதோ எண்டு நான் யோசிக்க வேணும்." சித்தப்பா தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அப்பா எடுத்தார், பதில் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. சேனலைச் சத்தமில்லாமல் பார்க்கத் தொடங்கினார். ஒரு தேர்தல் பிரசாரத்தில் கொடுத்த பெயர் இன்னொன்றுக்குக் கைமாறும், விலைக்கும் போகும் என்று அவருக்கு விளக்கினேன்.

"கோயில்லை ஐயர் பேரை விக்கிறேல்லையே, பிள்ளை."

அந்தச் செய்திகளை நிறுத்தும் வழியைப் படிப்படியாக எழுதிச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. வருவாரா என்று கேட்க எங்கள் எவருக்கும் துணிவில்லை. புதுக் கட்டிலின் விரிப்பை அப்பா அடிக்கடி இழுத்துச் சரிசெய்தார்.

ஒருநாள் விமானத்தின் இலக்கம் வந்தது. வேறு ஒரு சொல்லும் இல்லை. ஒஸ்லோவின் யூலையை நம்பாத அப்பா, தம்பிக்கென்று ஒரு தடித்த ஜாக்கெட்டோடு விமானநிலையத்தில் நின்றார். அரசியலை இருவரும் தொடவில்லை. இரவுச் சாப்பாட்டு மேசையில் சித்தப்பாவின் தொலைபேசி அதிர்ந்தது. திரையில் அந்த அரசியல்வாதியின் செய்தி, அதே வீட்டுப் பெயரோடு. அப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, நான் அனுப்பினபடி செய்யேல்லையோ? தாங்கோ, இப்பவே நிப்பாட்டுறன்."

அவர் தொலைபேசியைக் கையால் மூடினார்.

"விடு பிள்ளை. முதல்லை கோவம்தான். பிறகு யோசிச்சன், அந்த நாட்டிலை என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட வேறை ஆர் இருக்கினம்?" பிறகு அப்பாவைப் பார்த்தார். "ஆனா அண்ணை, உவங்களுக்கு ஒரு சதமும் குடுக்கமாட்டன்."

"குடுக்காதை," என்றார் அப்பா. தம்பியின் தட்டில் இன்னொரு மீன்துண்டை வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிச் சாப்பிடச் சொன்னார்.

கை கழுவியதும் எந்தச் சேனலைப் போடுவது என்று தொடங்கிவிட்டார்கள்.