மீஹூன் ஏற்பாடு செய்தவர்

வழக்கறிஞர் பயிற்சி என்றால் நீதிமன்றத்தில் நின்று பேசுவது என்று நினைத்துப் படித்தேன். அது பெரும்பாலும் பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், பெஞ்சைத் தேய்க்கும் வேலை. வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான். எல்லாமே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் பயிற்சி எடுக்கும் அலுவலகத்துக்கு வந்த ஒரே வழக்கில் நடந்தவை.

ஐந்து நாள்

காப்பார் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசல் சாலையில் துறைமுக லோரிகள் ஓடும். வேகத்தடை கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சனங்கள். ஒரு மாலை பள்ளி விட்டு வந்த சிறுமியை லோரி இடித்துக் கால் முறிந்தது. மறுநாள் காலை குடியிருப்பே போய்ச் சாலையில் உட்கார்ந்துவிட்டது. போலீஸ் வந்து எல்லாரையும் கலைத்துவிட்டு, சாந்தி அக்காவை மட்டும் அழைத்துப் போனது. அக்கா அரசாங்கப் பள்ளி ஒன்றில் துப்புரவு வேலை செய்பவர். குற்றப்பதிவு என்று ஒன்று வந்தால், அந்த வேலைக்கு ஆள் வைக்கும் குத்தகைக்காரர் வைத்துக்கொள்ள மாட்டார். அந்த ஒரு சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

எனக்குப் பயிற்சி தரும் சீனியர் நீதிமன்றத்தில் இருந்ததால் பாலாய்க்கு நான் ஓடினேன். முகப்பில் இருந்த காவலர் என்னை அக்காவின் மகள் என்று நினைத்து, துணி கொண்டுவந்தாயா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேனே தவிர, நான் யார் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒருவழியாக உள்ளே போய் அக்காவுக்குச் சட்டத்தை விளக்கினேன். கூடுவது உரிமை, ஆனால் ஐந்து நாள் முன்னதாகப் போலீஸுக்கு அறிவிக்க வேண்டும், அறிவிக்காவிட்டால் ஏற்பாட்டாளர் மேல் குற்றவழக்கு. அக்கா என்னை நிதானமாகப் பார்த்தார். "லோரி புள்ளய இடிக்கப்போவுதுன்னு அஞ்சு நாளைக்கு முன்னாடி எங்களுக்கு யாரும்மா சொன்னா?"

அத்துர்

உண்மையில் ஏற்பாட்டாளர் என்று யாருமில்லை. வாட்சாப்பில் ஒருவர் "நாளைக்கு ரோட்டுல உக்காருவோம்லா" என்று போட, எல்லாரும் கட்டைவிரலைக் காட்டினார்கள், அவ்வளவுதான். அக்கா செய்தது, விடியற்காலையில் அரிசிச் சேமியா மாதிரியான மீஹூன் பிரட்டிப் பொட்டலம் கட்டியதும் தேத்தண்ணி கலக்கியதும். நம்மிடையே கல்யாணமோ கருமாதியோ, சோற்றைப் பார்த்துக்கொள்கிறவர்தானே ஏற்பாடு செய்தவர்? சாலைக்கு வந்த போலீஸ் சார்ஜன் மலாயில் "சியாப்பா அத்துர்?" என்று, அதாவது யார் ஏற்பாடு என்று, கேட்டதும் அக்கா பெருமையாக "செமுவா சாயா அத்துர்" என்றிருக்கிறார். எல்லாம் என் ஏற்பாடுதான்.

"மாக்கான் சஜா, துவான்," சாப்பாடு மட்டும்தான் ஐயா, என்று நான் கெஞ்சினேன். சார்ஜன் கெட்டவர் இல்லை, சிரித்தார். சாப்பாடு இருந்தால் ஆட்கள் நெடுநேரம் உட்காருவார்கள், அப்படியானால் அக்காதான் ஏற்பாட்டாளர் என்பது அவர் கணக்கு. அவர் வாய்மொழியிலேயே சொல்கிறேன்: "காலாவ் அடா மாக்கான், ஓராங் டுடுக் லாமா. பெங்கான்ஜுர் லா து, டிக்."

நின்ற லோரி

என் அப்பா கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அன்று காலை சாலையில் முடங்கிய வரிசையில் அவருடைய லோரியும் நின்றிருக்கிறது. இரவுச் சாப்பாட்டின்போதுதான் சொன்னார். வெயிலில் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம். ஒரு நடைக்கூலி போய்விட்டதாம். நான் அரசமைப்பு, கூடும் உரிமை என்று ஆரம்பித்தேன். அவர் மீன் முள்ளை எடுப்பதிலேயே கவனமாக இருந்தார்.

"இடைஞ்சல் இல்லாம ஓரமா உக்காந்தா யாருப்பா திரும்பிப் பாப்பாங்க?" என்றேன். "நான் பாத்தேன்லா. நல்லாத்தான் பாத்தேன். எங்க மொதலாளி ஷா ஆலம்ல ஏர்கான் போட்டு உக்காந்திருக்கான், அவன் எங்க பாத்தான்? அடுத்த தடவ அவன் ஆபீஸ் வாசல்ல உக்காரச் சொல்லு, நானும் வரேன்," என்றார் அப்பா.

பேரு

அக்கா மேல் குற்றம் சாட்டப்பட்டது. அந்த வாரமே குத்தகைக்காரர், "கொஞ்ச நாள் வீட்ல இருங்கக்கா" என்று சொல்லிவிட்டார். கிள்ளான் நீதிமன்றத்தில் வழக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாமா என்று அக்கா கேட்டார். கட்டினால் குற்றவாளி என்ற பதிவு நின்றுவிடும், பொறுங்கள் என்றார் சீனியர். அக்கா பொறுத்தார். ஒரு நாள், வேறொரு வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், முன்னறிவிப்பு தராததற்காகத் தண்டிப்பது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அக்கா மேலிருந்த குற்றச்சாட்டும் மீட்டுக்கொள்ளப்பட்டது.

அக்காவைக் கூட்டிக்கொண்டு நேரே குத்தகைக்காரரிடம் போனேன். நம் ஆள்தான். கடையில் உட்காரவைத்து எனக்கு மைலோ சொன்னார். நான் தீர்ப்பை விளக்கி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பழைய இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டதையும் மறைக்கவில்லை. வேறு பள்ளி இருக்குமே என்று நான் கேட்டதும் அக்கா பக்கம் திரும்பினார். "கேஸ் இல்லன்னு தங்கச்சி சொல்றது சரிதான்கா. ஆனா எந்த ஸ்கூலுக்குப் போனாலும் கேப்பாங்க, ரோட்டுல உக்காந்த அம்மாதானே இவங்கன்னு. நான் என்னான்னு சொல்றது?"

தண்டனைப் பிரிவு செல்லாது என்று ஆகிவிட்டது, தண்டனை மட்டும் இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.