திறக்காத படம்

செம்மங்குப்பத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் வாட்ச்மேன் அவர். காக்கிச் சட்டையின் மேல்பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினார். இறந்துபோன மகளின் படத்தைக் கருமாதிக்குப் பெரிதாகப் போட, பென்டிரைவோடு என் கடலூர் போட்டோக் கடைக்கு வந்திருந்தார்.

கம்ப்யூட்டரில் படம் திறக்கவில்லை.

“புது போன்ல எடுக்குற இந்த மாதிரி படத்தோட ஃபார்மட்டுக்கு சில கம்பெனிங்க பேடன்ட் வச்சிருக்காங்கண்ணே. அவுங்களுக்கு ராயல்டி கட்டுனாத்தான் தொறக்கும்” என்றேன்.

“எம் பொண்ணு மூஞ்சிக்கா தம்பி? சரி, எங்க கட்டணும்? எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு.”

எங்கே கட்டுவதென்று எனக்கும் தெரியவில்லை. இலவசமாகத் திறக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. எட்டாவதோடு நின்றவன் நான். ராயல்டி கட்டாமல் அதில் திறந்தால் கேஸ் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, “சிதம்பரத்துல கேட்டுப் பாருங்கண்ணே” என்று அனுப்பிவிட்டேன்.

மறுவாரம் மனசு கேட்காமல் அந்த இலவச மென்பொருளையே போட்டுத் திறந்தேன். என் கம்ப்யூட்டரில் தங்கிவிட்ட பிரதியில் அந்தப் பெண் சிரிக்கிறாள். கருமாதி முடிந்திருக்கும். அவர் எந்தக் கம்பெனி என்றுகூட நான் கேட்டு வைக்கவில்லை.