கடிகாரமும் என் பீச்சாங்கையும்

சதுரங்கக் கடிகாரத்தின் அந்த ‘டிக் டிக்’ இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் உட்காரத் தெரியாத பிள்ளை நான். மார்சிலிங்கில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் எனக்கு ‘துறுதுறு’ என்றே பெயர். அதனாலோ என்னவோ, இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜா பக்கத்துச் சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பாயும் ‘கிங்ஸ் கேம்பிட்’ தொடக்கம்தான் எனக்கு உயிர்.

நான் பிறவி இடதுகைக்காரி. அம்மாவுக்கோ அது ‘பீச்சாங்கை’. சாப்பாடு, எழுத்து, விபூதி வாங்குவது எல்லாம் வலதுகையால்தான் நடக்க வேண்டும். தொடக்கநிலை ஆறில், பன்னிரண்டு வயதில், பள்ளி அணியின் கடைசி இடத்துக்காக நான் ஆடிய அன்றும், “நல்ல காரியத்துக்குப் போறோம், பீச்சாங்கைய நீட்டாத” என்று சொல்லித்தான் அழைத்துப் போனார். போட்டி நடந்த சமூக மன்றத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் அதே தொடக்கம்தான். சற்று நேரத்திலேயே எதிரே இருந்த பையனின் ராஜா ஒளிய இடமில்லாமல் தவித்தது. கடிகாரம் என் இடப்பக்கம் இருந்தது. ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் அதை அழுத்தினால்தான் நம் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். வலதுகையால் காயை நகர்த்திய வேகத்தில் இடதுகையால் கடிகாரத்தை அழுத்திவிட்டேன். அவன் நடுவரை அழைத்தான். காய் நகர்த்திய கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும் என்று அவர் எச்சரித்துவிட்டுப் போனார்.

இரண்டையும் இடதுகையால் செய்திருந்தால் தீர்ந்தது. ஆனால் கதவுக்கு அப்பால் அம்மா! இடதுகையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு தடவையும் வலதுகையைப் பலகைக்குக் குறுக்கே நீட்டினேன். சட்டைக்கை பட்டுக் குதிரை விழுந்தது, யானை விழுந்தது; நிமிர்த்தி வைக்க என் நேரம்தான் ஓடியது. இன்னும் இரண்டே நகர்த்தலில் வெற்றி என்றிருக்கையில் நேரம் முடிந்து தோற்றேன். அணியில் இடம் போயிற்று.

வீடு திரும்பும் ரயிலில், ஆட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். கிராஞ்சி நிலையம் தாண்டியதும் அம்மா, “பீச்சாங்கையாலயே ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பியா?” என்றார். “ஆமா” என்றேன் ஆத்திரத்துடன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ‘ஆமா’வைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இன்று என் மகள் கைப்பேசியில் கட்டைவிரலால் சதுரங்கம் ஆடுகிறாள். டிக் டிக் இல்லை, அழுத்துவதற்குக் கடிகாரமும் இல்லை. அவளும் இடதுகைக்காரி. போன வாரம் அம்மா நீட்டிய கேசரிக் கிண்ணத்துக்கு அவள் இடதுகையை நீட்ட, பழக்கதோஷத்தில் அதட்டியது நான்தான்.

அம்மா என்னைப் பார்க்காமலே கிண்ணத்தை அந்தக் கையில் வைத்தார்.

“விடு, அவளாவது ஜெயிக்கட்டும்.”