கேட்டது நான், பதில் அவருக்கு

நியூ டவுனில் வீட்டிலிருந்தே அனிமேஷன் செய்பவள் நான். ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டக்கூடிய ப்ராசஸர் வேண்டும் என்று கடையில் கேட்டேன்.

"மேடத்துக்கு இதுவே போதும், தாதா" என்று, அண்ணனை அழைக்கும் வங்காளச் சொல்லால் கூப்பிட்டு, கடைக்காரர் என்னுடன் வந்திருந்த கணவரிடம் ஒரு பெட்டியை நீட்டினார். கம்ப்யூட்டரை ஆன் செய்ய மட்டுமே தெரிந்த அவரும் தலையாட்டினார். பார்க்காமல் வாங்கியது என் தப்பு.

பஸ்ஸில் பெட்டியைப் படித்தேன். மாடல் எண்ணின் கடைசியில் 'கே' என்ற எழுத்து இல்லை. வேகத்தைக் கூட்டவே முடியாத ரகம்!

"விடேன், இதுலயே வேலை நடக்கும்ல?" என்றார் கணவர்.

"நடக்காது. இறங்குங்க."

கடைக்காரர் மறுபடியும் அவரைத்தான் பார்த்தார்: "என்ன பிரச்சினை, தாதா?"

"பிரச்சினை எனக்கு. என்கிட்ட பேசுங்க" என்றேன். நல்லவேளை, சீல் பிரிக்கவில்லை, மாற்றிக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் மாடல் எண்ணைப் படிக்காமல் நான் கடையை விட்டு இறங்குவதில்லை. கணவரும் கூட வருகிறார். வெளியே நின்று டீ குடிக்கிறார்.